செயற்கைக் காலுக்கும் கைக்கும் உடல்நலக் காப்பீடு: பாலிசி எடுப்பதிலிருந்து மேல்முறையீடு வரை

என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து 11 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் அனுப்பிய காகிதங்களை அடுக்கி வைத்தால், போன காலின் உயரத்துக்கு வந்துவிடும்.

முதல் செயற்கைக் காலுக்குப் போட்ட கிளெய்மை நிராகரித்தார்கள். அதே காலுக்கு, அதே பாலிசியில், நான்கு மாதம் கழித்துத் திரும்பப் போட்டபோது பணம் வந்தது. நடுவில் மாறியது மருத்துவரின் கடிதம் மட்டும்தான். முதல்முறை "நோயாளிக்குச் செயற்கைக் கால் தேவை" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாம் முறை அவரே இரண்டரைப் பக்கம் எழுதினார். கிளெய்மை முடிவு செய்தவர் என்னைப் பார்த்ததில்லை, நான் நடப்பதையும் பார்த்ததில்லை. அவர் மேசையில் இருந்தது என் கோப்பு. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தக் கோப்பைப் பற்றித்தான்.

சட்டமும் தொகையும் கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நிறுவனங்கள் கேட்கும் கேள்விகளும் மறுக்கச் சொல்லும் காரணங்களும் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

முதல் படி: பாலிசியைத் திறக்குமுன் உங்கள் கணக்கைப் போடுங்கள்

அடுத்த ஐந்து வருடத்தில் என்னென்ன செலவு வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பலர் "செயற்கைக் கால் ஒன்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பல பாகங்கள் சேர்ந்தது. மருத்துவமனையில் ஸ்டம்ப் என்று சொல்லும் மீதிக் காலை உள்ளே வாங்கிக்கொள்ளும் சாக்கெட், தோலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் போடும் லைனர், கால் கழன்றுவிடாமல் பிடிக்கும் பூட்டோ வால்வோ, அதன் கீழே குழாய், அடியில் பாதம். முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தால் முழங்கால் மூட்டு ஒன்றும் சேரும். நடைக்கு ஏற்ப மூட்டை இறுக்கித் தளர்த்தும் கணினிச் சில்லு, அதாவது மைக்ரோபிராசசர், வைத்த மூட்டு என்றால் மொத்த விலையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுள் வேறு. தினமும் போடும் லைனர் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் தாங்கும். பாதமும் மூட்டும் பொதுவாக 3 முதல் 5 வருடம். சாக்கெட் விஷயம் வேறு. அது தேய்வதற்கு முன்னால் உங்கள் உடம்பு மாறிவிடும். அறுவைக்குப் பிறகு வீக்கம் வடியும், வேலையில்லாத தசை சுருங்கும்; முதல் 12 முதல் 18 மாதம் வரை மீதிக் கால் இளைத்துக்கொண்டே போகும். சாக்கெட் லூசாகும், உள்ளே கால் ஆடும், தோல் உரியும், புண் வரும். அதனால் ஆரம்ப நாட்களிலேயே சாக்கெட்டை ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். "5 வருடத்துக்கு ஒரு செயற்கை உறுப்பு" என்று எழுதிய பாலிசி இங்கேதான் காலை வாரும். உள்ளதே ஒரு கால் என்னும்போது அந்தச் சொல்லுக்கு வலி அதிகம்.

குழந்தை என்றால் கணக்கு இன்னும் நெருக்கம். எலும்பு வளர்கிறது, மறுகாலின் நீளமும் வளர்கிறது. சின்ன வயதில் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை புதுக் கால் வேண்டியிருக்கும். "வளர்ச்சியால் மாற்றுவது" பாலிசியில் தனியாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் பெற்றோர் முதலில் தேட வேண்டிய வரி.

கை இழந்தவர்களுக்கு வேறு விதமான சிக்கல். தோளில் பட்டை மாட்டி கேபிள் இழுத்து இயக்கும் கை ஒன்று, தசையின் மின்குறிப்பை வாங்கி மோட்டாரில் இயங்கும் மயோஎலக்ட்ரிக் கை இன்னொன்று. தண்ணீர், தூசி, பளு என்றால் முதலாவது. மென்மையாகப் பிடிக்க வேண்டிய வேலைக்கு இரண்டாவது. நிறைய பேருக்கு இரண்டும் தேவைப்படும். நிறுவனமோ ஒன்றுக்குத்தான் தரும். விரல் மட்டும் போனவர்களுக்கு "அது அழகுக்காக" என்ற பதில் காத்திருக்கும்.

இதற்குமேல், எல்லோரும் மறக்கும் செலவுகள்: நடை பழகும் பிசியோதெரபி, புண்ணுக்கு மருத்துவம், நரம்பு முனையில் முடிச்சு விழும் நியூரோமாவுக்கு அறுவை, இல்லாத கால் வலிக்கும் மாய உறுப்பு வலிக்குச் சிகிச்சை, மனநல ஆலோசனை, காலைக் கழற்றியபின் ராத்திரி எழுந்து போக ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ. சர்க்கரை நோயாலோ ரத்தக்குழாய் அடைப்பாலோ காலை இழந்தவர் என்றால் மீதியிருக்கும் காலின் பரிசோதனைக்கும் காலணிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் அந்தத் தாளில் மிக முக்கியமான வரி அதுதான்.

இரண்டாம் படி: பாலிசியில் எந்தச் சொல்லைத் தேடுவது

விளம்பரத் தாளை ஒதுக்கி வையுங்கள். முழுப் பாலிசி ஆவணத்தையும் கேட்டு வாங்கி, மூன்று இடங்களைப் படியுங்கள்: வரையறைகள், விலக்குகள், உள்வரம்புகள்.

வரையறைகளில் "செயற்கை உறுப்பு" என்பது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள். உடம்பின் ஒரு பாகத்துக்குப் பதிலாக வைப்பது செயற்கை உறுப்பு. சக்கர நாற்காலி, கட்டில், ஊன்றுகோல் போன்றவை மருத்துவ உபகரணம். சில பாலிசிகள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, கூடை முழுவதற்கும் ஒரு சின்ன வரம்பு வைத்திருக்கும். வேறு சில, அறுவையின்போது உடம்புக்குள் வைக்கும் உள்வைப்புக்குப் பணம் தரும், வெளியே மாட்டும் காலுக்குத் தராது. செயற்கை இடுப்பு மூட்டு உள்ளே போகிறது, செயற்கைக் கால் வெளியே நிற்கிறது. "செயற்கை உறுப்புகளுக்குக் காப்பீடு உண்டு" என்று முகவர் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் அவர் மனதில் இருந்தது உங்கள் கால் இல்லை. "உடம்புக்கு வெளியே அணியும் செயற்கைக் கால் இதில் அடங்குமா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

விலக்குகளில் கண் நிற்க வேண்டிய சொற்கள்: "வெளிப்புற உபகரணங்கள்", "வசதிக்கான பொருட்கள்", "அழகுக்கானவை", "பரிசோதனை நிலையில் உள்ளவை", "பழுது மற்றும் மாற்று". கடைசியாகச் சொன்னது பார்க்கச் சாது, உண்மையில் விலை உயர்ந்த விலக்கு. முதல் காலுக்குப் பணம் கொடுத்துவிட்டு லைனருக்கும் சாக்கெட்டுக்கும் கையை விரிக்கும் பாலிசியில், வருடங்கள் போகப்போக உங்கள் பையிலிருந்துதான் பணம் போகும்.

உள்வரம்புகளில் "வாழ்நாளில் ஒருமுறை", "ஒரு அவயவத்துக்கு ஒன்று", "வருடத்துக்கு இத்தனை பிசியோதெரபி அமர்வு" போன்றவை இருக்கும். பிறகு நீங்கள் கட்ட வேண்டிய பங்கு. 20 விழுக்காடு என்பது காய்ச்சல் சிகிச்சையில் சின்னத் தொகை. மைக்ரோபிராசசர் மூட்டில் மலைக்க வைக்கும் தொகை. ஆகவே நீங்கள் ஒரு வருடத்தில் கட்ட வேண்டிய பங்குக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அந்த உச்சவரம்பு உள்ள பாலிசி நமக்கு நல்லது.

மூன்றாம் படி: புதிதாகப் பாலிசி எடுக்கும்போது

உறுப்பு இழப்பை மறைக்காதீர்கள். எதனால் இழந்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். நிறுவனத்துக்குக் காலைவிட காரணத்தில்தான் அக்கறை: விபத்தில் போன கால் என்றால் ஒரு கணக்கு, சர்க்கரை நோயில் போனது என்றால் இன்னொன்று. விண்ணப்பத்தில் விட்டுப்போன ஒரு வரியைக் காட்டி, பிற்பாடு சம்பந்தமே இல்லாத கிளெய்மைக்கூட மறுக்க இடமுண்டு. விண்ணப்பத்தின் நகலைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். முகவர் நிரப்பித் தந்தார் என்றால் கையெழுத்துப் போடுமுன் அவர் என்ன எழுதினார் என்று படியுங்கள்.

காத்திருப்புக் காலத்தை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முன்பே இருக்கும் நோய்க்கு எவ்வளவு காலம், செயற்கை உறுப்புக்கு எவ்வளவு காலம். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். வேலை செய்யுமிடத்தில் குழுக் காப்பீடு கிடைத்தால் அதை விடாதீர்கள். தனிநபர் பாலிசியைவிட அதில் பொதுவாகக் கேள்விகள் குறைவு.

மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காகப் பாலிசி தர மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று 2008-இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு, உடல்நலக் காப்பீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிறது. உடன்படிக்கையை மட்டும் காட்டினால் நிறுவனம் அசையாது. அதை ஏற்ற நாடுகள் பலவற்றில் உள்நாட்டுச் சட்டமும் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியும் இருக்கும். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

நான்காம் படி: வேறு எங்கிருந்தெல்லாம் பணம் வரலாம்

உடல்நலக் காப்பீடு ஒரு வாசல்தான். வேலையில் நடந்த விபத்து என்றால் தொழிலாளர் இழப்பீடு. சாலையில் என்றால் மோதிய வண்டியின் காப்பீடு. இவற்றில் பெரும்பாலும் செயற்கை உறுப்புக்கான பிற்காலச் செலவையும் கேட்கலாம். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்கச் சொன்னால், முதல் படியில் போட்ட தாளை எடுங்கள். ஐந்து வருடக் கணக்கை ஆயுள் கணக்காக்கிப் பாருங்கள். கையெழுத்துப் போட்டபின் திரும்பப் போவது கடினம்.

தனிநபர் விபத்துக் காப்பீடு இன்னொரு வகை. இது பில்லைப் பார்ப்பதில்லை. அட்டவணைப்படி ஒரு தொகை தரும். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ அதற்கு மேலேயோ துண்டிக்கப்பட்டால் இவ்வளவு என்று இருக்கும். விபத்து நடந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் இழப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கும். காலைக் காப்பாற்ற மாதக்கணக்கில் போராடிவிட்டுக் கடைசியில் எடுப்பவர்கள் இந்தக் கெடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். நோயால் நேர்ந்த இழப்புக்கு இந்த வகைப் பாலிசி உதவாது.

அரசுத் திட்டங்களும் தொண்டு அமைப்புகளும் முதல் காலுக்கு நன்றாகவே உதவும். அங்கே வாங்கியதை நிறுவனத்திடம் மறைத்து மறுபடி கிளெய்ம் போடாதீர்கள். "ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ஆனால் இன்ன காரணத்தால் பொருந்தவில்லை" என்று எழுதுவதே வலுவான வாதம்.

ஐந்தாம் படி: கோப்பு

இனி நிதானமாகப் படியுங்கள்.

கோப்பில் அடிப்படையாக இருக்க வேண்டியவை: அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், எந்த மட்டத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரம், மருத்துவரின் மருந்துச்சீட்டு, செயற்கை உறுப்பு நிபுணரின் மதிப்பீடு, பாகம் பாகமாகப் பிரித்த விலைப்பட்டியல். பட்டியலில் "செயற்கைக் கால், மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரி இருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். நிறுவனம் ஒரு பாகத்தை மறுத்தாலும் மற்றவற்றுக்குப் பணம் வர இந்தப் பிரிப்பு உதவும்.

அடுத்தது செயல்திறன் நிலை. அமெரிக்க அரசின் மெடிகேர் என்ற காப்பீட்டுத் திட்டத்தில் தோன்றிய கே-நிலை என்ற அளவுகோலை இப்போது பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். கே0 என்றால் செயற்கைக் காலால் பயனில்லாத நிலை. கே1, வீட்டுக்குள் சமதரையில் நடப்பவர். கே2, நடைபாதை விளிம்பு, ஓரிரு படி போன்ற சிறு தடைகளைத் தாண்டுபவர். கே3, வேகத்தை மாற்றி மாற்றி நடந்து வெளியுலகில் பெரும்பாலான தடைகளைக் கடப்பவர். கே4, ஓடுவது குதிப்பது போன்ற அதிர்வு தாங்க வேண்டியவர். குழந்தைகளும் விளையாட்டு வீரர்களும் இதில் வருவார்கள். எந்தப் பாதம், எந்த மூட்டு கிடைக்கும் என்பதை இந்த ஒற்றை எண் தீர்மானித்துவிடும்.

அந்த வரையறையில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: "திறன் அல்லது எட்டக்கூடிய திறன்". அதாவது இன்று எப்படி நடக்கிறீர்கள் என்பதோடு, சரியான கால் கிடைத்தால் எவ்வளவு தூரம் வருவீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொருந்தாத சாக்கெட்டில் நொண்டும் ஒருவரைப் பார்த்துவிட்டு கே1 என்று எழுதினால், அதே தரத்துக் கால்தான் வரும், அப்புறம் நொண்டல் எங்கே போகும்? மருத்துவர் எழுதும் நிலையை நீங்களே படித்துப் பாருங்கள். சம்மதமில்லை என்றால் அங்கேயே கேளுங்கள்.

நிலையைச் சொல்வதோடு நிறுத்தாமல் அளந்தும் காட்ட வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை, 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்ற சோதனை, உறுப்பு இழந்தவர்களுக்கென்றே வடிவமைத்த நடைத்திறன் மதிப்பீடு ஆகியவை பரவலாக ஏற்கப்பட்டவை. நடைத்திறன் மதிப்பீட்டைக் கால் மாட்டாமலும் செய்யலாம். இன்னும் முதல் கால் வராதவருக்கு அது பெரிய வரம். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அந்த 3 மீட்டர் சோதனைக்கு 19 விநாடியும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் பலமுறை விழும் ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். "விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்பதற்கும் "சோதனையில் 22 விநாடி" என்பதற்கும் நிறுவனத்தின் மேசையில் எடை வேறு.

அடுத்து மருத்துவரின் கடிதம். நான் பார்த்த பலவீனமான கடிதங்களில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: "விரும்புகிறார்". "நோயாளி சுறுசுறுப்பானவர், உயர்தர மூட்டு போட விரும்புகிறார்." விருப்பத்துக்கு எந்தப் பாலிசியிலும் பணம் இல்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள் (கற்பனை எடுத்துக்காட்டுதான், உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்):

"வயது 46. இடது கால் முழங்காலுக்கு மேலே நீக்கப்பட்டு 14 மாதம். தற்போதைய மூட்டுடன் கடந்த 3 மாதத்தில் 4 முறை விழுந்திருக்கிறார். ஒருமுறை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வேலையிடத்தில் தினமும் இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். சரிவில் இறங்கும்போதும் தடுக்கும்போதும் தற்போதைய மூட்டு மடங்கிவிடுகிறது. பரிந்துரைக்கும் மூட்டு, தடுமாற்றத்தை உணர்ந்து தானே இறுகும். நடக்கும்போது மடங்காத, குறைந்த விலையுள்ள பூட்டு மூட்டு பரிசீலிக்கப்பட்டது. அதில் படியில் கால் மாற்றி இறங்க முடியாது என்பதால் பொருந்தாது."

கடைசி வாக்கியம்தான் கடிதத்தின் முதுகெலும்பு. மலிவான மாற்று ஏன் போதாது என்ற கேள்வியை நிறுவனம் எப்படியும் கேட்கும். கேட்பதற்குமுன் பதில் இருக்கட்டும். மருத்துவரின் குறிப்பும் உறுப்பு நிபுணரின் குறிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒருவர் கே2 என்றும் இன்னொருவர் கே3 என்றும் எழுதியிருந்தால் மறுக்க அதுவே போதும். என் முதல் கோப்பில் ஒரு தாளில் வலது கால், இன்னொன்றில் இடது கால் என்று இருந்தது.

ஆறாம் படி: முன் அனுமதி

சாக்கெட்டுக்கு அளவு எடுக்குமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்குங்கள். செய்து முடித்த காலுக்குப் பின்னால் அனுமதி கேட்பது பெரும்பாலும் தோல்வியில் முடியும். அனுமதிக் கடிதத்தில் எந்தெந்தப் பாகம், எத்தனை நாளைக்குச் செல்லும், எந்த மையத்தில் செய்யலாம் என்று மூன்றும் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நோட்டுதான் என்னை ஒருமுறை கெடு தாண்டாமல் காப்பாற்றியது.

ஏழாம் படி: மறுத்துவிட்டால்

முதல் மறுப்பு முடிவு இல்லை. காரணத்தையும் பாலிசியின் எந்தப் பிரிவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு என்ன என்று பார்த்து நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். பிறகு காரணத்துக்கு ஏற்ற பதில்.

"மருத்துவத் தேவை இல்லை" என்றால் பெரும்பாலும் கோப்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். ஐந்தாம் படிக்குப் போங்கள். உங்கள் மருத்துவர், நிறுவனத்தின் மருத்துவரோடு நேரடியாகப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். மறுத்தவர் எந்தத் துறை மருத்துவர் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கலாம். செயற்கைக் காலை வாழ்நாளில் கையில் எடுத்துப் பார்த்திராத ஒருவர் மறுத்திருந்தால், மறுவாழ்வு மருத்துவம் தெரிந்தவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"பரிசோதனை நிலையில் உள்ளது" என்றால் வெளியான ஆய்வுகளையும் வேறு காப்பீட்டுத் திட்டங்கள் அதை ஏற்றிருப்பதையும் காட்டுங்கள். உதாரணமாக மைக்ரோபிராசசர் முழங்காலை வெகுகாலம் கே3, கே4 நிலையினருக்கு மட்டுமே கொடுத்துவந்த மெடிகேர், 2024 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள கே2 நிலையினருக்கும் திறந்துவிட்டது. மெதுவாக நடப்பவருக்கு விழும் ஆபத்து அதிகம், அவருக்குத்தான் பாதுகாப்பான மூட்டு தேவை என்பது அங்கே உறைக்க இத்தனை காலம் ஆயிற்று.

"ஆடம்பரம், வசதி" என்றால் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட முன்னுரிமை உதவிச் சாதனங்கள் பட்டியலைக் குறிப்பிடலாம். அதில் உள்ள 50 சாதனங்களில் செயற்கைக் காலும் ஒன்று.

"ஆயுள் முடியுமுன் மாற்றக் கேட்கிறார்" என்றால் உடம்பு மாறியதற்குச் சாட்சி வேண்டும்: எடை, மீதிக் காலின் சுற்றளவு தேதிவாரியாக, லூசான சாக்கெட்டை நிரப்ப மீதிக் காலில் எத்தனை அடுக்கு சாக்ஸ் போட வேண்டியிருக்கிறது, புண்ணின் புகைப்படம். மாற்றச் சொல்வது சாக்கெட்டை மட்டும், முழுக் காலை அல்ல என்பதையும் அடிக்கோடிடுங்கள்.

நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் தனிக் கால் கேட்டால் மறுப்பார்கள். இதில் ஜெயிப்பவர்கள் குறைவு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கோ குளிக்கும்போது விழாமல் இருப்பதற்கோ தேவை என்று காட்ட முடிந்தால் முயலலாம்.

உள் மேல்முறையீடும் தோற்றால் வெளியே போங்கள். பல நாடுகளில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரோ, நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத வெளி மறுஆய்வோ, நுகர்வோர் மன்றமோ இருக்கிறது. முதல் இரண்டுக்கும் பொதுவாகச் செலவு இல்லை அல்லது மிகக் குறைவு. அங்கே கோபத்தைக் கொட்ட வேண்டாம். தேதி வரிசையில் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த இணைப்பு என்று எண் போடுங்கள்.

எட்டாம் படி: கால் வந்த பிறகு

உத்தரவாதம் எந்தப் பாகத்துக்கு எத்தனை மாதம் என்று முதல் நாளே கேட்டு எழுதிவையுங்கள். உத்தரவாதத்தில் சரியாக வேண்டியதற்குக் காப்பீட்டின் வரம்பைச் செலவழிக்க வேண்டாம். பாலிசி புதுப்பிக்க மூன்று மாதம் இருக்கும்போது உறுப்பு நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள். மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால், இந்த வருடத்துக்கான உங்கள் பங்கு உச்சவரம்பை ஏற்கெனவே தொட்டிருந்தால், வருடம் முடியுமுன் செய்துவிடலாம். புதுப்பிக்கும்போது விதிகள் மாறியிருக்கும். "மாற்றங்கள்" என்ற தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய காலையும் தூக்கிப் போடாதீர்கள். சாக்கெட்டில் விரிசல் எங்கே விழுந்தது, பாதத்தின் அடி எப்படித் தேய்ந்தது என்று படமெடுத்துக் கோப்பில் சேருங்கள். அடுத்த கிளெய்முக்கு அது சாட்சி. புதுக் கால் பழுதுக்குப் போய் அனுமதி வராமல் இழுக்கும் வாரங்களில் நடக்கவும் அதுதான். என்னுடையது கதவுக்குப் பின்னால் ஒரு சாக்ஸோடு நிற்கிறது.